சனி இரவு ஹொக்கியும் கெவின் பியெக்ஸா என்ற ‘பாக்’கும்: எங்கள் வீட்டு மதிப்பீடு

போன மாசியில் ஒரு ஞாயிறு, விடிய ஆறேகால் மணி. வெளியில் சைபருக்குக் கீழே 19. ஐஸ் ஹொக்கி அரீனாவின் மரப்படியில் ரிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தபடி குந்தியிருக்கிறேன். மூலையில் கிடந்த பக்கை, ஹொக்கியில் பந்துக்குப் பதிலாக அடிக்கிற வட்டக் கட்டையை, எடுக்க மகன் பின்பக்கமாகப் போகிறான். போகிற போக்கில் ஒருதரம் வலது தோளுக்கு மேலால் திரும்பிப் பார்த்தான். இரண்டு எட்டு விட்டு, இடது தோளுக்கு மேலால் இன்னொருதரம். எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தகப்பன், “பக்கைப் பார், பக்கைப் பார்” என்று ஆங்கிலத்தில் கத்தினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெடியன் செய்தது சரி. பக் எங்கேயும் ஓடிப்போகாது, அது ஒரு றப்பர்க் கட்டை. பின்னால் துரத்திக்கொண்டு வருகிறவன் எந்தப் பக்கத்தால் வருகிறான் என்பதைத்தான் அவன் முதலில் பார்க்க வேண்டும்.

இதை எனக்கு விளங்கப்படுத்தியது மகனின் கோச் இல்லை. சனிக்கிழமை இரவில் ரீவியில் வந்து கதைக்கிற ஒரு பழைய ஆட்டக்காரர். பெயர் கெவின் பியெக்ஸா.

நான் ஹொக்கி பார்த்து வளர்ந்தவள் இல்லை. ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கு வந்து 24 வருசம். அதில் முதல் 18 வருசமும் ஹொக்கி போகிற சனலைக் கடந்துதான் எங்கள் வீட்டு ரிமோட் போகும். மகன் ஏழு வயதில் ஸ்கேட் கேட்டான். ஒன்பதில் அவனை ‘டிபென்ஸ்’ என்று, எதிராளியைத் தடுக்கிற பின்வரிசை இடத்தில் நிறுத்தினார்கள். இப்போது பதின்மூன்று. என்ர வீட்டுக்காரர் கிரிக்கெட்டைத் தவிர வேறொன்றையும் விளையாட்டு என்று ஒத்துக்கொள்ளாத மனுசன், அதனால் விடிய எழும்பி ஓடுகிற வேலை என் தலையில். மகன் என்ன விளையாடுகிறான் என்றே தெரியாமல் மூன்று பருவம் கைதட்டினேன். கோல் அடிக்கிற பிள்ளைகளின் தாய்மாருக்கு எப்போது கைதட்டுவது என்று தெரியும். டிபென்ஸ் பிள்ளையின் தாய்க்கு யார் சொல்லித் தருவது?

ஆகவே இது ‘ஹொக்கி நைட் இன் கனடா’ என்ற சனி இரவு ஒளிபரப்பைப் பற்றிய மதிப்பீடு. அதிலும் இடைவேளையில் வருகிற இந்த ஒரு மனிதரைப் பற்றித்தான் கூடுதலாக எழுதப் போகிறேன். காசு கட்டலாமா, நேரம் செலவழிக்கலாமா என்று கேட்கிற எங்கட ஆக்களுக்காக.

முதலில் காசுக் கதை. இந்த நிகழ்ச்சி ரீவியில் 1952 இல் தொடங்கியது. அதற்கு முன்னால் வானொலியில் இருந்தது. 2013 இல் ரொஜர்ஸ் நிறுவனம், என்எச்எல் என்ற வட அமெரிக்காவின் முதற்படி ஹொக்கி லீக்கை 2014 இலிருந்து 12 வருசம் ஒளிபரப்புகிற உரிமையை 520 கோடி டொலருக்கு வாங்கியது. 2025 இல் அடுத்த 12 வருசத்துக்கு 1,100 கோடி என்று ஒப்பந்தம் போட்டார்கள். அந்தக் காசு யாருடைய பையில் இருந்து வரும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ரொறன்ரோக் குழுவான மேப்பிள் லீஃப்ஸின் எல்லா ஆட்டமும் வேண்டும் என்றால் ஸ்போர்ட்ஸ்நெட் வேண்டும், ரிஎஸ்என் வேண்டும், 2024 இலிருந்து திங்கள் இரவு ஆட்டங்களுக்கு அமேசன் பிறைமும் வேண்டும். ஒரு குடும்பம் ஒரு குழுவைப் பார்க்க மூன்று கதவு தட்ட வேண்டிய நிலை. ஆனால் சனி இரவு மட்டும் வேறு கதை. இதை எழுதும்போது சனி ஆட்டம் அரச ஒளிபரப்பான சிபிசியிலும் போகிறது. சிபிசிக்கு ஜன்னலில் ஒட்டுகிற அன்ரெனா காணும். மாதக்காசு இல்லை.

நாங்கள் முதலில் ஒரு இணையப் பெட்டிதான் வாங்கினோம். பெயர் வேண்டாம். எல்லாச் சனலும் வரும் என்று சொல்லி விற்றவர், வந்த மூன்றாம் கிழமையே பிளேஓஃப் ஆட்டத்தின் மூன்றாம் பகுதியில் படம் உறைந்து நின்றபோது போனை எடுக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அன்ரெனா. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

சரி, ஆளுக்கு வருவோம்.

பியெக்ஸா 1981 இல் கிரிம்ஸ்பியில் பிறந்தவர். நயாகராவுக்குப் போகிற வழியில், ஹமில்ற்றனைத் தாண்டி, பழத்தோட்டங்கள் நடுவில் வருகிற ஊர். பீச் வாங்க நாங்கள் போகிற பக்கம்தான். என்எச்எல் குழுக்கள் இளம் ஆட்டக்காரரை ஒவ்வொருவராகத் தெரிவுசெய்கிற 2001 தேர்வில் வன்கூவர் கனக்ஸ் அவரை எடுத்தது 151 ஆவது ஆளாக. 151 என்றால் என்ன அர்த்தம் தெரியுமா? கிடைத்தால் பார்ப்போம், இல்லாவிட்டால் பரவாயில்லை என்ற அர்த்தம். ஒஹாயோவில் போலிங் கிரீன் பல்கலைக்கழகத்தில் நாலு வருசம் படித்துக்கொண்டே விளையாடினார். பிறகு வின்னிபெக்கில் இருந்த மனிற்றோபா மூஸ் என்ற இரண்டாம் படிக் குழுவுக்குப் பரீட்சார்த்தமாக வந்தார். வந்த கொஞ்ச நாளிலேயே அதே குழுவில் இருந்த ஃபெடோர் ஃபெடரோவ் என்ற பெரிய உருவத்தோடு ஒரு பாருக்கு வெளியே கைகலப்பு. ஒரே அடியில் ஆள் விழுந்துவிட்டார். அப்போது கனக்ஸின் முகாமையாளராக இருந்த பிறையன் பேர்க், கதையைக் கேட்டவுடன் பெடியனுக்கு ஒப்பந்தம் போடச் சொன்னாராம். பேர்க் சொல்லிச் சொல்லி ஊரெல்லாம் தெரிந்த கதை இது. என் மகன் இதை எனக்குச் சொன்னபோது கண் மின்னியது. “நீ யாரையாவது அடிச்சா உனக்கு ஒப்பந்தம் கிடையாது, வீட்டில சாப்பாடும் கிடையாது” என்று சொல்லி வைத்தேன்.

2006-07 பருவத்தில் 12 கோல், 30 அசிஸ்ற் (மற்றவரின் கோலுக்குப் பக் கொடுத்து உதவியது). ஒரு பின்வரிசை ஆளுக்கு நல்ல கணக்கு. அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்தால் இந்த விளையாட்டில் பிள்ளையை விட மனம் வராது: எதிராளியின் ஸ்கேட் கத்தி ஒருதரம் கெண்டைக்காலைக் கிழித்தது, பிறகொருதரம் கணுக்கால் தசைநாரை. இரண்டு தடவையும் மாதக்கணக்கில் வீட்டில். இரண்டு தடவையும் திரும்பி வந்தார்.

அவர் பெயரைச் சொன்னால் வன்கூவர்காரர் எல்லோரும் சொல்கிற ஒரு கோல் இருக்கிறது. 2011 மே 24. சான் ஹோசே ஷார்க்ஸுக்கு எதிரான தொடரின் ஐந்தாவது ஆட்டம், வன்கூவரில். வென்றால் என்எச்எல்லின் ஸ்ரான்லி கிண்ண இறுதிக்குப் போகலாம், 1994 க்குப் பிறகு முதல்முறை. ஆட்டம் முடிய 13.2 செக்கன் இருக்கும்போது ரயன் கெஸ்லர் சமப்படுத்தினார். மேலதிக நேரம் ஒன்று போய், இரண்டாவதும் ஓடிக்கொண்டிருக்கிறது. அலெக்ஸாண்டர் எட்லர் பக்கை எதிர்மூலைக்குச் சுழற்றி அடிக்கிறார். ஐஸைச் சுற்றி நிற்கிற கண்ணாடிப் பலகைகளை இணைக்கிற தூண் விளிம்பு ஒன்று இருக்கும் பாருங்கள், விரல் அகலம்கூட இருக்காது, பக் போய் அதில் பட்டது. பட்டு நேரே நடுவுக்குத் துள்ளி வந்தது.

மகன் யூடியூப்பில் அதைக் கால்வாசி வேகத்தில் ஓட்டிக் காட்டினான். ஐஸில் நிற்கிற ஆட்களின் முகத்தை மட்டும் பாருங்கள் என்று நான் சொல்வேன். எல்லோரும் தொலைத்த திறப்பைத் தேடுகிற மாதிரி அங்கும் இங்கும் பார்க்கிறார்கள். கோல் காப்பாளர் அன்ரி நீமி, பக் சுற்றி வரும் என்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நீலக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர் மட்டும் குனிந்து, துள்ளிக்கொண்டு வந்த பக்கைச் சரிவர அடிபடாமலே தட்டிவிட்டார். அது உருண்டும் தாவியும் போய் வலைக்குள் விழுந்தது. பியெக்ஸா. அழகான கோல் என்று எவரும் சொல்ல மாட்டார்கள். மற்ற ஆட்களுக்கு எங்கே என்றே தெரியாத பக்கை இந்த மனுசன் கண்டான். அவ்வளவும்தான் விசயம்.

இறுதியில் பொஸ்ரனிடம் தோற்றார்கள். ஏழாவது ஆட்டம், சொந்த மைதானம், 4-0. அன்றிரவு வன்கூவர் தெருவில் கார் எரிந்தது எங்களுக்கும் ஞாபகம் இருக்கிறது, தமிழ் வானொலியிலும் சொன்னார்கள். அந்த ஓகஸ்டில், அவருக்கு நெருங்கிய நண்பனாக இருந்த ரிக் ரைப்பியன் இறந்துபோனார். வயது 27. நெடுநாள் மனச்சோர்வோடு போராடியவர். அடுத்த வருசம் இளம் பிள்ளைகளின் மனநலத்துக்கென்று ‘மைண்ட்செக்’ என்ற இணையத்தளம் தொடங்கியபோது அதற்கு முன்னால் நின்று கதைத்தவர் பியெக்ஸா. சண்டைக்காரன் என்று பெயர் எடுத்த ஒருவர் வந்து, மனம் சரியில்லாவிட்டால் வாயைத் திறந்து சொல்லுங்கோ என்று சொல்வதற்கு ஒரு எடை இருக்கிறது. முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள் நான். ஆம்பிளைகள் எழுபது வயதிலும் அதைச் சொல்லாமல் இருப்பதை நாளாந்தம் பார்க்கிறேன்.

2015 இல் அனஹைம் டக்ஸுக்குப் போனார். 2018 வரை அங்கே. என்எச்எல்லில் மொத்தம் 808 ஆட்டம், 63 கோல், 215 அசிஸ்ற். கிண்ணம் இல்லை.

வாய் எப்படித் திறந்தது என்றால், 2020 பெப்ரவரி 12. கனக்ஸின் செடீன் இரட்டையர் போட்டு விளையாடிய 22, 33 ஆம் இலக்கங்களை இனி எவரும் போடாதபடி மரியாதையாகக் கூரையில் ஏற்றிய விழாவில் பழைய தோழர் என்ற முறையில் பேச வந்தார். விழாவுக்குரிய பேச்சு மாதிரியே இல்லை. தொடங்கினதிலிருந்து இரண்டு பேரையும் பகிடி பண்ணிக்கொண்டே போனார். சபை விழுந்து விழுந்து சிரித்தது. மைக்கைக் கண்டால் இந்த மனிதர் தடுமாற மாட்டார் என்று அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கொஞ்ச காலத்தில் சனி இரவு மேசையில் நிரந்தரமாகக் குந்திவிட்டார். 2022 நவம்பர் 3 இல் கனக்ஸ் அவருக்கு ஒரே ஒரு நாள் ஒப்பந்தம் கொடுத்து, கனக்ஸ் ஆளாகவே ஓய்வுபெற வைத்தது. அது நடந்தபோது அவர் ஏற்கெனவே ரீவி ஆள்.

இனித்தான் உண்மையான மதிப்பீடு.

ஹொக்கி ஒரு வேகமான விளையாட்டு. 200 அடி நீளம், 85 அடி அகலம். ஒரு ஆள் முக்கால் நிமிசம் ஓடிவிட்டு மதிலைத் தாண்டி உள்ளே குதித்து விடுவார், இன்னொருவர் வெளியே குதிப்பார். கமராவும் பக்கைத்தான் துரத்தும். ஆகவே வீட்டிலிருந்து பார்க்கிறவருக்குப் பக் இருக்கிற இடம் மட்டும்தான் தெரியும். முன்வரிசையில் விளையாடிவிட்டு ரீவிக்கு வந்தவர்கள் அந்த இடத்தைப் பற்றியே கதைப்பார்கள்: என்ன அடி, என்ன கை, என்ன வேகம். அது எனக்கும் தெரிகிறது தம்பி, அதற்கு நீ தேவையில்லை.

பியெக்ஸா படத்தை நிறுத்தி, கோல் விழுவதற்கு ஏழெட்டுச் செக்கன் முன்னால் இழுத்துக்கொண்டு போவார். வட்டம் போடுகிற இடம் பக் இல்லாத இடமாக இருக்கும். பின்னோக்கி ஸ்கேட் பண்ணிக்கொண்டு வருகிற டிபென்ஸ் ஆளுக்கும் முன்னோக்கி வருகிற எதிராளிக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று காட்டுவார். அது ஒரு மட்டை நீளத்துக்குக் கூடினால் எதிராளிக்கு அடிக்க இடம், குறைந்தால் அவன் சுற்றிக்கொண்டு போய்விடுவான். மட்டையின் நுனி ஐஸில் இருக்கிறதா, காற்றில் இருக்கிறதா என்று பார்ப்பார். கோல் வாசலில் நிற்கிறவனை வெளியே தள்ளுகிறானா, அல்லது அவனும் சேர்ந்து நின்று பக்கை வேடிக்கை பார்க்கிறானா என்று பார்ப்பார். இப்படி நாலு சனி பார்த்தால் போதும், ஐந்தாவது சனி உங்களுக்கே வட்டம் போட வரும்.

தோளுக்கு மேலால் பார்க்கிற விசயமும் அப்படித்தான் எனக்கு வந்தது. மூலைக்குப் பக் எடுக்கப் போகிறவன் எதிராளிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகிறான். எத்தனை தரம் திரும்பிப் பார்த்தான் என்று எண்ணிப் பாருங்கள். பார்க்காமல் போனவன் கண்ணாடியோடு அப்பப்படுவான். 808 ஆட்டம் அப்படி முதுகைக் காட்டிப் போனவர் இதைச் சொல்லும்போது அது பாடமாக இல்லை, பட்ட அடியாக வருகிறது.

எங்கள் வீட்டில் இதற்கு இன்னொரு நீதவான் இருக்கிறார், மாமா. வீட்டுக்காரரின் அப்பா. வயது 81. பருத்தித்துறைப் பக்கம் தபால்கந்தோரில் வேலை செய்தவர். இளமையில் ஊர்க் கழகத்தில் உதைபந்தாட்டம், அதுவும் ‘பாக்’, பின்வரிசையில் நின்று தடுக்கிற ஆள். வடமராட்சியில் பாக் விளையாடினவர் என்றால் அது ஒரு பட்டம் மாதிரி. ஆங்கிலம் வாசிப்பார், எழுதுவார், ஆனால் இந்த நாட்டு வாய்வேகம் பிடிபடாது. போர்வையைச் சுற்றிக்கொண்டு, இஞ்சித் தேத்தண்ணியோடு சோபாவின் வலது மூலையில் இருப்பார். முதல் நாள் பியெக்ஸா கையை ஆட்டி ஆட்டி எதையோ விளங்கப்படுத்துவதைப் பார்த்துவிட்டு,

“உவன் பாக் விளையாடினவன் என்ன?” என்றார்.

“எப்பிடி மாமா கண்டுபிடிச்சியள்?”

“கோல் போட்டவனை ஒருக்காலும் காட்டேல்லைப் பிள்ளை. கோல் விட்டவனைத்தான் காட்டுறான்.”

அதோடு மாமாவும் சனி இரவுக்குச் சேர்ந்துவிட்டார். ஒரே ஒரு பிரச்சினை. நாங்கள் ‘பக்’ என்று சொல்வது அவருக்கு ‘பாக்’ என்று கேட்கும். “பக் எங்கே போச்சு?” என்று மகன் கத்தினால், “பாக் அங்கதான் நிக்கிறான், முன்னுக்கு நிக்கிறவன்தான் பிழை” என்று மாமா பதில் சொல்வார். மகன் பின்னோக்கி ஸ்கேட் பண்ணுகிற வீடியோவைப் பார்த்துவிட்டு அவர் சொன்ன புத்தி: “பந்தைப் பாராதை, அவன்ர இடுப்பைப் பார். கால் பேய்க்காட்டும், கண் பேய்க்காட்டும், இடுப்பு பேய்க்காட்டாது.” அடுத்த பயிற்சியில் கோச்சும் அதே மாதிரி நெஞ்சைப் பார் என்று சொன்னாராம். மாமாவுக்கு அன்றைக்கு இரண்டு தேத்தண்ணி.

இந்த மேசையின் பழைய கதையையும் சொல்லாமல் விட ஏலாது. பியெக்ஸா வருவதற்கு முன் பல்லாண்டு காலம், முதல் இடைவேளை என்றால் டொன் செரி. பூப்போட்ட கோட்டுக்காரர். அவரும் டிபென்ஸ் ஆள்தான். ஆனால் வாழ்க்கை முழுக்கச் சின்ன லீக்குகளில் விளையாடி, என்எச்எல்லில் 1955 இல் ஒரே ஒரு ஆட்டம். பிறகு பொஸ்ரனுக்குக் கோச், பிறகு ரீவி. பக்கத்தில் ரொன் மக்லீன் தலையாட்டிக்கொண்டு இருப்பார். 2019 நவம்பரில், வெளியிலிருந்து வந்த ‘நீங்கள்’ எல்லாம் போரில் இறந்த படையினரை நினைத்துக் குத்துகிற பொப்பிப் பூவைக் குத்துவதில்லை என்ற மாதிரிச் சொல்லி, இரண்டு நாளில் வேலை போனது. நான் அந்தக் காலத்தில் ஹொக்கி பார்த்ததில்லை, ஆனால் அந்தப் பேச்சு மட்டும் எப்படியோ எங்கள் வேலைத்தளம் வரைக்கும் வந்து சேர்ந்தது. அந்தக் கிழமை என் கோட்டில் பொப்பி இருந்தது. இல்லத்தில் இருக்கிற ஒரு பழைய சிப்பாய் ஐயாதான் தன் கையால் குத்திவிட்டவர்.

செரியின் இரசிகர்கள் இன்னும் இருக்கிறார்கள், அரீனாவில் நான் கதைக்கிற தகப்பன்மாரிலும் இருக்கிறார்கள். ஹொக்கி அறிவு இல்லாத மனிதர் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அவர் கதைத்தது எப்படி ஒரு கனடியன் இருக்க வேண்டும் என்று. பியெக்ஸா கதைப்பது மட்டை எங்கே இருக்க வேண்டும் என்று. எனக்கு இரண்டாவதுதான் தேவை.

குறைகளுக்கு வருவோம், இல்லாவிட்டால் இது விளம்பரம் ஆகிவிடும்.

ஒன்று, பகிடி அளவு மிஞ்சிப் போகிறது. அதே மேசையில் இருக்கிற கெலி ஹ்ரூடி, எலியட் ஃப்ரீட்மன், மக்லீன் எல்லோரும் சேர்ந்து தங்களுக்குள் சிரிக்கத் தொடங்கினால் வெளியில் இருக்கிறவருக்கு ஒன்றும் விளங்காது. கலியாண வீட்டில் மாப்பிள்ளையின் பள்ளிக்கூடக் கூட்டத்தோடு ஒரே மேசையில் மாட்டிக்கொண்ட மாதிரி. இடைவேளையே பதினெட்டு நிமிசம். அதில் விளம்பரம் போக மிஞ்சுவது சொற்பம். அந்தச் சொற்பத்தில் மூன்று நிமிசம் ஒருவருடைய கழுத்துப்பட்டியைப் பற்றிப் போனால் எனக்கு எரிச்சல் வரும்.

சண்டை விசயத்திலும் எனக்கும் அவருக்கும் ஒத்துவராது. 2017 இல் பிலடெல்பியாவின் ராட்கோ குடாஸுக்குப் பாய்ந்து விட்ட குத்துக்கு ‘சுப்பர்மேன்’ என்றே பெயர் விழுந்தது. அப்படி விளையாடியவர், அடித்தால் திருப்பி அடிக்க ஆள் இருக்க வேண்டும், அப்போதுதான் ஆட்டம் ஒழுங்காகப் போகும் என்ற பக்கமே சாய்வார். விளக்கம் கேட்க நன்றாகத்தான் இருக்கும். தாய்க்கு அது விளக்கம் இல்லை. ஜெனிஃபர் பொற்றரில் அந்த மேசையில் இருக்கிற நாட்களில் எனக்கு நிம்மதி. கனடாவுக்கு மூன்று ஒலிம்பிக் தங்கம் எடுத்துத் தந்த முன்வரிசை ஆட்டக்காரி அவர். குரலை உயர்த்தாமல் மறுப்பார், இடையில் வெட்டினாலும் வசனத்தை முடிக்காமல் விட மாட்டார். அவர்கள் இரண்டு பேரும் மாறுபடுகிற அந்த இரண்டு மூன்று நிமிசத்துக்காகவே ரீவியைப் போடலாம்.

சூதாட்ட விளம்பரம் இவருடைய பிழை இல்லை, ஆனால் சொல்லியாக வேண்டும். 2022 ஏப்ரலில் ஒன்ராறியோ இணையச் சூதாட்டச் சந்தையைத் திறந்துவிட்ட பிறகு இந்த மாகாணத்தில் எந்த விளையாட்டைப் போட்டாலும் பந்தயம், பந்தயம், பந்தயம். 2024 இலிருந்து விளையாட்டு வீரர்களை அந்த விளம்பரங்களில் நடிக்க வைக்கக் கூடாது என்று விதி வந்தது, அது கொஞ்சம் ஆறுதல். எங்கள் வீட்டில் அந்த நேரம் ரீவிக்கு ஊமை. மாமாதான் ரிமோட் பொறுப்பு. சில நேரம் திரும்பச் சத்தம் வைக்க மறந்துபோவார், பியெக்ஸா பாதிக் கதை முடித்திருப்பார்.

மற்றது வேகம். ஆங்கிலம் இரண்டாம் மொழியாக உள்ளவர்களுக்கு முதல் சில கிழமை ஓடிப்பிடிக்கக் கஷ்டமாக இருக்கும். கீழே எழுத்து வர வைத்துப் பாருங்கள். என்னோடு வேலை செய்கிற பஞ்சாபிப் பிள்ளைக்கு இந்தக் கஷ்டமே இல்லை. அவர்களுக்கு 2008 இலிருந்து இதே நிகழ்ச்சி பஞ்சாபியில் போகிறது. 2016 ஸ்ரான்லி கிண்ண இறுதித் தொடரில் ஹர்நாராயண் சிங், கோல் போட்ட ஆளின் பெயரை ‘பொனீனோ பொனீனோ பொனீனோ’ என்று மூச்சுவிடாமல் கத்தியது நாடு முழுக்கப் பிரபலம். எங்கட சனத்தொகைக்கு ஒரு தமிழ் ஒலிபரப்பு வந்தால் என்ன குறைந்துபோகும் என்று அவள் கேட்டாள். எங்களில் எத்தனை பேர் பார்க்கப் போகிறோம் என்று நான் கேட்டேன். இரண்டு பேரும் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு எழும்பினோம்.

யாருக்கு இது சரிவரும்? பிள்ளை ஹொக்கி விளையாடுகிறது, அதிலும் டிபென்ஸ் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். கோல் எண்ணிக்கை மட்டும் வேண்டும் என்பவர்கள் ஆட்டம் முடிந்தபின் போனில் பார்த்துக்கொள்ளலாம். லீஃப்ஸ் 1967 க்குப் பிறகு கிண்ணம் எடுக்காத துக்கத்துக்கு மருந்து தேடுகிறவர்களுக்கு இந்த மேசையில் ஒன்றும் இல்லை. 2025 மே 18 ஏழாவது ஆட்டத்தில் புளோரிடாவிடம் 6-1 என்று சொந்த மைதானத்தில் தோற்ற இரவு, ஏன் தோற்றோம் என்று யார் விளங்கப்படுத்தினாலும் எங்கள் வீட்டில் கேட்க ஆளில்லை. மகன் கதவைச் சாத்திவிட்டான். மாமா மட்டும் முழுவதையும் பார்த்துவிட்டு, “ஆறு கோல் விழுற அளவுக்கு கோலி என்ன செய்வான், பாக்மார் எங்கே?” என்று என்னிடம் கேட்டார். அதே கேள்விதான் என் மனதிலும்.

நிகழ்ச்சிக்கு ஐந்துக்கு மூன்றரை. பியெக்ஸாவுக்குத் தனியாக நாலேகால். கால் புள்ளி வெட்டியது கழுத்துப்பட்டிக்கு, அரைப் புள்ளி சண்டைக்கு.

அன்ரெனாக் கதை சொல்கிறேன் என்றேன். மார்க்கம் வீதிப் பக்கம் ஒரு கடையில் வாங்கினது, கடுதாசித் தடிப்பில் கறுப்புத் தட்டு. இரண்டு கிழமை படம் துண்டு துண்டாகத்தான் வந்தது. முன் ஜன்னலில் ஒட்டியிருந்தோம், அது வடக்குப் பார்த்த ஜன்னல். சிபிசி சிஎன் கோபுரத்திலிருந்து வருகிறது, ஸ்காபரோவில் இருக்கிறவர்களுக்கு அது தென்மேற்கு. சமையலறை ஜன்னலுக்கு மாற்றி ஒட்டியதும் படம் கண்ணாடி மாதிரி. இப்போது சனி ஏழு மணிக்கு முன் நான் மீன் பொரிக்கக் கூடாது என்று மாமா சொல்லியிருக்கிறார். எண்ணெய்ப் புகை பட்டால் பாக் தெரியாதாம்.